பெட்டிக்குள் ஒரு நாவல், அரங்கில் ஓர் இசை: ஈ. எம். ஃபார்ஸ்டரும் பெஞ்சமின் பிரிட்டனும்

ஈ. எம். ஃபார்ஸ்டர் (1879–1970) இங்கிலாந்தின் நாவலாசிரியர். பெஞ்சமின் பிரிட்டன் (1913–1976) அதே நாட்டின் இசையமைப்பாளர். இருவரும் தன்பாலீர்ப்பு உடையவர்கள். அவர்கள் வாழ்நாளின் பெரும்பகுதியில் ஆண்களுக்கிடையே உடலுறவு இங்கிலாந்தில் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. ஃபார்ஸ்டர் தாம் எழுதிய காதல் நாவல் ஒன்றைத் தம் ஆயுள் முழுவதும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. பிரிட்டனோ அதே உணர்வுகளை இசையில் வைத்து, நிறைந்த அரங்குகளில் ஒலிக்கச் செய்தார். அச்சிட முடியாத ஒன்றைப் பாட முடிந்தது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

(ஒரு சிறு குறிப்பு: தமிழில் எழுதும்போது இசையமைப்பாளரின் பெயரும் நாட்டின் பெயரும் ஒன்றுபோலவே ஆகிவிடுகின்றன. இக்கட்டுரையில் 'பிரிட்டன்' என வருமிடமெல்லாம் இசையமைப்பாளரையே குறிக்கும்.)

சட்டத்தின் நிழல்

ஆண்களுக்கிடையே உடலுறவை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கிய சட்டம் 1533ஆம் ஆண்டு எட்டாம் ஹென்றி காலத்தில் இயற்றப்பட்டது. 1861இல்தான் மரண தண்டனை நீங்கிச் சிறைத்தண்டனை வந்தது. 1885இல் ஹென்றி லபூஷேர் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம் வலையை இன்னும் அகலமாக விரித்தது. 'மிகுந்த ஒழுக்கக்கேடு' என்ற, வரையறை ஏதுமில்லாத ஒரு சொற்றொடரால், தனி அறைக்குள் நடந்த எதற்கும் இரண்டாண்டுச் சிறை விதிக்கலாம் என்று ஆயிற்று. மிரட்டிப் பணம் பறிப்பவர்களுக்குக் கிடைத்த சாசனம் என்று இந்தச் சட்டத்துக்குப் பட்டப்பெயரே உண்டு. எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் 1895 மே மாதம் இச்சட்டத்தின் கீழ்தான் கடுங்காவல் தண்டனை பெற்றார். அப்போது ஃபார்ஸ்டருக்கு வயது 16.

செய்வதற்கு மட்டுமன்று, எழுதுவதற்கும் தடை இருந்தது. 1857ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் சட்டத்தின்படி நீதிபதி ஒரு நூலைப் பறித்து அழிக்க உத்தரவிடலாம். 1928இல் ராட்கிளிஃப் ஹால் என்ற பெண் எழுத்தாளர் இரு பெண்களின் காதலைப் பற்றி எழுதிய 'தனிமையின் கிணறு' நாவலுக்கு அந்தக் கதி நேர்ந்தது. அந்நூலுக்கு ஆதரவாகச் சாட்சி சொல்ல எழுத்தாளர்கள் பலர் நீதிமன்றத்துக்கு வந்தனர். ஃபார்ஸ்டரும் வர்ஜீனியா வுல்ஃபும் அவர்களில் இருவர். நீதிபதி அவர்களைப் பேசவே விடவில்லை. பிறருடைய நூலுக்காக அங்கு வந்த ஃபார்ஸ்டரிடம், அதைவிட நேரடியான ஒரு நாவல் வீட்டில் பூட்டிக் கிடந்தது அந்த மண்டபத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்!

மில்தார்ப் வீடும் ஒரு தமிழ்த் தொடர்பும்

அந்த நாவலின் பெயர் 'மோரிஸ்'. அது பிறந்த கதை நம்மவர்களுக்கு ஒரு வகையில் அருகிலிருப்பது.

ஃபார்ஸ்டர் 1912 அக்டோபரில் முதன்முறையாக இந்தியாவுக்குப் புறப்பட்டார். சர் சையது அகமது கானின் பேரனான ராஸ் மசூதுக்கு இங்கிலாந்தில் லத்தீன் சொல்லிக்கொடுத்தபோது அவர்மீது ஃபார்ஸ்டருக்கு ஆழ்ந்த அன்பு ஏற்பட்டிருந்தது. மசூது அந்த அன்பை நட்பாக மட்டுமே ஏற்றார். பிற்காலத்தில் 'இந்தியாவுக்கு ஒரு பயணம்' நாவலை ஃபார்ஸ்டர் அவருக்குத்தான் உரிமையாக்கினார். 1913இல் ஊர் திரும்பிய ஃபார்ஸ்டர், டார்பிஷயர் மாவட்டத்தில் மில்தார்ப் என்ற சிற்றூரில் வாழ்ந்த எட்வர்டு கார்ப்பென்டரைக் காணச் சென்றார்.

கார்ப்பென்டர் கவிஞர், சோசலிசவாதி, தன் கையால் செருப்புத் தைத்துக்கொண்ட மனிதர். உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த ஜார்ஜ் மெரில் என்பவருடன் ஒளிவு மறைவின்றி ஒரே வீட்டில் வாழ்ந்தார். சட்டம் இருந்தும் அவர்கள் எப்படித் தப்பினார்கள் என்பது இன்றும் வியப்புக்குரியது. இந்தக் கார்ப்பென்டர்தான் சர் பொன்னம்பலம் அருணாசலத்தின் கேம்பிரிட்ஜ் காலத்து நண்பர். அருணாசலத்தின் அழைப்பில் 1890இல் இலங்கை வந்து, அங்கே ஒரு தமிழ் ஞானியிடம் பாடம் கேட்டவர். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1892இல் வெளிவந்தது. இலங்கையிலிருந்து திரும்பிய சிறிது காலத்திலேயே அவர் மெரிலைச் சந்தித்தார்.

கார்ப்பென்டர் செய்த இன்னொரு காரியம் இங்கே குறிப்பிடத்தக்கது. ஆண்களுக்கிடையிலான ஆழ்ந்த நட்பையும் காதலையும் பற்றிக் கிரேக்க, ரோமானிய காலம் முதல் எழுதப்பட்ட பகுதிகளைத் திரட்டி, 'அயோலவுஸ்: நட்பின் தொகைநூல்' என்ற பெயரில் 1902இல் வெளியிட்டார். பெயரிலே 'நட்பு' என்றுதான் இருந்தது. அதனால் நூல் தப்பியது. தேவைப்பட்ட வாசகர்கள் அதன் பொருளைப் புரிந்துகொண்டனர். வைல்டின் வழக்கு நடந்த ஆண்டிலே கார்ப்பென்டரின் நூல்களை ஒரு பதிப்பாளர் கைவிட்டிருந்தார் என்பதை நினைத்தால், தலைப்பிலே காட்டிய இந்த எச்சரிக்கையின் காரணம் விளங்கும்.

மில்தார்ப் வீட்டில் மெரில் தம் முதுகின் கீழ்ப்புறத்தைத் தொட்டதாகவும், அந்தத் தொடுகையிலிருந்தே கதை முழுவதும் உதித்ததாகவும் ஃபார்ஸ்டர் பின்னாளில் எழுதிவைத்தார். 1914இல் நாவல் முடிந்தது.

பியானோலாச் சுருளும் நூலகப் புத்தகமும்

'மோரிஸ்' நாவலில் கதாநாயகன் ஒரு சாதாரண நடுத்தர வர்க்க இளைஞன். புத்திக்கூர்மை அதிகம் இல்லை, கலை ஆர்வமும் இல்லை. கேம்பிரிட்ஜில் அவன் கிளைவ் என்ற மாணவனைச் சந்திக்கும் இடத்தைப் பாருங்கள். கிளைவ் இன்னொருவனுடைய அறையில் தரையில் உட்கார்ந்து, பியானோலாச் சுருள்களைத் தேடிக்கொண்டிருக்கிறான். பியானோலா என்பது துளையிட்ட காகிதச் சுருளைச் செருகினால் தானே வாசிக்கும் பியானோ. அவன் தேடுவது ருஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியை. அந்த இசைதான் இருவரையும் ஓர் அறையில் சேர்த்து உட்கார வைக்கிறது. சிறிது காலத்துக்குப் பின் கிளைவ், பிளேட்டோவின் 'விருந்து' நூலைப் படித்திருக்கிறாயா என்று மோரிஸைக் கேட்கிறான். அந்தக் கேள்விதான் காதலின் முதல் அறிவிப்பு. கேட்பவனுக்குப் புரிந்தால் பதில் வரும். புரியாவிட்டால் அது பாடப்புத்தகத்தைப் பற்றிய பேச்சாகவே போய்விடும்.

நெடுநாள் கழித்து, கிளைவால் கைவிடப்பட்ட மோரிஸ் ஒரு கச்சேரியில் அதே சிம்பொனியைக் கேட்கிறான். அங்கே பழைய அறிமுகக்காரன் ஒருவன், அந்தப் படைப்பு யார்மீது கொண்ட அன்பில் உருவானது என்று காதோடு காதாகச் சொல்கிறான். சாய்கோவ்ஸ்கி அதைத் தம் மருமகன் விளாதிமிர் தவிதவுக்கு உரிமையாக்கியவர். மோரிஸ் நூலகத்துக்குப் போய் அந்த இசையமைப்பாளரின் வாழ்க்கை வரலாற்றை எடுத்துப் படிக்கிறான். 1877இல் சாய்கோவ்ஸ்கி செய்துகொண்ட திருமணம் சில வாரங்களில் குலைந்துபோன பகுதி, மற்ற வாசகர்களுக்கு ஒரு தகவல். இவனுக்கோ அது தன் கதை. தன்னைப் போல் ஒருவன் முன்பே இருந்திருக்கிறான் என்பதை அவன் அறியும் இடம் அது.

என் மதிப்பீட்டில் நாவலின் ஆழமான பக்கங்கள் இவைதாம். காதல் காட்சிகள் சில இன்று சற்றே செயற்கையாகப் படுகின்றன. ஆனால் ஒரு இசைச் சுருள், ஒரு கிரேக்க நூல், ஒரு வாழ்க்கை வரலாறு என்று கைமாறும் பொருள்களின் வழியாக மனிதர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்வதை ஃபார்ஸ்டர் கண்ணால் கண்டவர்போல் எழுதியிருக்கிறார். அவரே பீத்தோவனின் பியானோ இசையை வீட்டில் வாசித்துப் பழகியவர். 'ஹோவர்ட்ஸ் எண்ட்' நாவலில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனிக் கச்சேரியை அவர் விவரித்திருக்கும் அத்தியாயம் புகழ்பெற்றது.

நாவலுக்கு இன்பமான முடிவு வைத்தே தீர்வது என்பதில் ஃபார்ஸ்டர் உறுதியாக இருந்தார். மோரிஸும் அலெக் என்ற வேட்டைக்காட்டுக் காவலனும் இறுதியில் சேர்ந்து வாழ்கிறார்கள். இருவரில் ஒருவர் தூக்கில் தொங்கியிருந்தால் நூலை அச்சிடுவது எளிதாக இருந்திருக்கும் என்று அவரே கசப்போடு குறித்திருக்கிறார். குற்றவாளிகள் தண்டனையின்றி மகிழ்ச்சியாக வாழ்வதாகக் காட்டும் நூலைச் சட்டம் பொறுக்காது.

ஆகவே தட்டச்சுப் பிரதி கைகளில் மட்டுமே சென்றது. கார்ப்பென்டர் படித்தார். லிட்டன் ஸ்ட்ரேச்சி படித்துவிட்டு, இந்த ஜோடி ஆறு வாரங்கூடத் தாங்காது என்று கிண்டலாக எழுதினார். 1930களில் இளைஞரான கிறிஸ்டோபர் இஷர்வுட் படித்து நெகிழ்ந்துபோனார். பல ஆண்டுகளுக்குப் பிறகும் ஃபார்ஸ்டர் அதைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1924இல் 'இந்தியாவுக்கு ஒரு பயணம்' வெளிவந்தபின் 46 ஆண்டுகள் உயிரோடிருந்தும் அவர் வேறு நாவல் வெளியிடவில்லை. ஆண், பெண் காதலைப் பற்றி மேலும் எழுத அவருக்கு மனமில்லை. எழுத விரும்பியதை வெளியிட வழியில்லை. சட்டம் ஒருவரைச் சிறையில் அடைக்காமலேயே ஒரு மொழியின் இலக்கியத்திலிருந்து எத்தனை நூல்களைக் களவாட முடியும் என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டியதில்லை.

கலிபோர்னியாவில் படித்த ஒரு கட்டுரை

பிரிட்டன் இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் லோஸ்டாஃப்ட் என்ற ஊரில் 1913 நவம்பர் 22 அன்று பிறந்தவர். பீட்டர் பியர்ஸ் என்ற டெனர் பாடகர் அவருடைய வாழ்க்கைத் துணை. உயர்ந்த ஆண்குரலுக்கு டெனர் என்று பெயர். இருவரும் போரை ஏற்காதவர்கள். 1939இல் அமெரிக்கா சென்றனர்.

1941இல் அவர்கள் கலிபோர்னியாவில் தங்கியிருந்தபோது, பி.பி.சி.யின் 'தி லிசனர்' இதழ் ஒன்று கைக்குக் கிடைத்தது. அதில் ஃபார்ஸ்டர் வானொலியில் பேசிய பேச்சு ஒன்று அச்சாகியிருந்தது. ஜார்ஜ் கிராப் என்ற பழைய கவிஞரைப் பற்றியது அது. கிராப் பிறந்த ஆல்டபரோ, பிரிட்டன் பிறந்த அதே கடற்கரையில் இருக்கும் ஊர். அந்தக் கட்டுரை அவருக்கு ஊர் நினைவைக் கிளப்பிவிட்டது. பியர்ஸ் கிராப்பின் கவிதைத் தொகுப்பைத் தேடி வாங்கினார். ஊராரால் வெறுத்து ஒதுக்கப்படும் ஒரு மீனவனைப் பற்றிய 'பீட்டர் கிரைம்ஸ்' இசைநாடகம் அதிலிருந்து பிறந்தது. 1942இல் இருவரும் ஊர் திரும்பினர். ஐரோப்பாவில் போர் முடிந்து ஒரு மாதமே ஆகியிருந்த நிலையில், 1945 ஜூன் 7 அன்று லண்டனில் அது அரங்கேறியது. கிரைம்ஸைப் பியர்ஸே பாடினார். ஆங்கில இசைநாடகத்துக்கு மறுவாழ்வு தந்த படைப்பு என்று அதைச் சொல்வார்கள். ஓர் எழுத்தாளர் தமக்குப் பிடித்த கவிஞரைப் பற்றி வானொலியில் பேசியதன் பலன் இது.

அதற்கு முன்பே பிரிட்டன் துணிச்சலான இன்னொரு காரியம் செய்திருந்தார். மைக்கலாஞ்சலோவை நாம் சிற்பியாகவும் ஓவியராகவும் அறிவோம். அவர் கவிஞரும்கூட. தொம்மாஸோ தெ கவாலியெரி என்ற இளைஞர்மீது அவர் பாடிய காதல் கவிதைகள் பல. 1623இல் அவற்றைப் பதிப்பித்த அவருடைய சகோதரரின் பேரன், ஆணைக் குறிக்கும் சொற்களைப் பெண்ணைக் குறிப்பவையாக மாற்றி அச்சிட்டார். இருநூற்று நாற்பது ஆண்டுகள் உலகம் அந்தத் திரித்த பாடத்தையே படித்தது. 1863இல்தான் மூலப்பாடம் வெளிவந்தது. பிரிட்டன் இக்கவிதைகளில் ஏழைத் தேர்ந்து, இத்தாலிய மொழியிலேயே பியர்ஸின் குரலுக்காக இசையமைத்தார். 1942 செப்டம்பரில் லண்டன் விக்மோர் மண்டபத்தில் பியர்ஸ் பாட, பிரிட்டன் பியானோ வாசித்தார். ஓர் ஆண் இன்னோர் ஆணுக்கு எழுதிய காதல் கவிதைகளை, ஓர் ஆண் தன் துணைவருக்கு அருகில் நின்று பாடுகிறார். அவையோர் கைதட்டுகிறார்கள். விரைவிலேயே இசைத்தட்டும் வெளிவந்து நன்றாக விற்றது. அதே வரிகள் ஆங்கிலத்தில் ஒரு நாவலின் பக்கத்தில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம். அயல்மொழியும், பழமையும், இசையும் ஒன்றுசேர்ந்து திரையாக நின்றன.

மூடிய கதவும் 34 கூட்டொலிகளும்

1948இல் பிரிட்டனும் பியர்ஸும் ஆல்டபரோவில் ஓர் இசை விழாவைத் தொடங்கினார்கள். முதல் விழாவிலே கிராப்பைப் பற்றிச் சொற்பொழிவாற்ற வந்தவர் ஃபார்ஸ்டர். இருவரும் சேர்ந்து ஒரு படைப்பு செய்யும் எண்ணம் வலுப்பெற்றது. கதைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் இறக்கும்போது முடிக்காமல் விட்டுச்சென்ற 'பில்லி பட்' குறுநாவல். எரிக் குரோஸியர் என்ற நாடக இயக்குநருடன் சேர்ந்து ஃபார்ஸ்டர் உரை எழுதினார். அப்போது அவருக்கு வயது எழுபது.

கதை 1797இல் ஒரு போர்க்கப்பலில் நடக்கிறது. அழகும் நல்ல மனமும் உடைய மாலுமி பில்லியை எல்லோரும் விரும்புகிறார்கள். கப்பலின் காவல் அதிகாரி கிளாகர்ட்டுக்கும் அவன்மீது ஈர்ப்பு. அதை ஏற்றுக்கொள்ள முடியாமல் அவனை அழிக்க முடிவுசெய்து, கலகம் செய்யத் தூண்டியதாகப் பொய்க்குற்றம் சாட்டுகிறான். திக்குவாய் உள்ள பில்லி பதில் சொல்ல முடியாமல் கையை ஓங்க, ஓர் அடியில் கிளாகர்ட் செத்துவிழுகிறான். பில்லி குற்றமற்ற மனத்தினன் என்று கேப்டன் வியருக்குத் தெரியும். ஆயினும் போர்க்காலச் சட்டத்தின்படி தூக்குத்தான்.

கிளாகர்ட் தன் மனத்தைத் திறக்கும் தனிப்பாடலுக்குப் பிரிட்டன் அமைத்த இசை ஃபார்ஸ்டருக்கு நிறைவளிக்கவில்லை. அடக்கப்பட்டு நஞ்சாகிப்போன காதல் அதில் போதிய அளவு ஒலிக்கவில்லை என்று கண்டித்து எழுதினார். பிரிட்டன் மனம் புண்பட்டார். எழுபது வயதுக்காரர் இவ்வளவு வெளிப்படையாகக் கேட்டதும், எப்போதும் பூடகமாகவே பேசிப் பழகிய இளையவர் தயங்கியதும் கவனிக்கத்தக்கது. தம் வாழ்நாளில் ஃபார்ஸ்டர் இவ்விஷயத்தைப் பொதுமேடையில் தொட்டது இந்த ஒரு நாடகத்தில்தான் என்று சொல்லலாம். அவர் அவசரப்பட்டதில் வியப்பில்லை.

1951 டிசம்பர் 1 அன்று லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் பிரிட்டனே நடத்த 'பில்லி பட்' அரங்கேறியது. மேடையில் ஒரு பெண்குரல்கூட இல்லை. கேப்டன் வியராகப் பாடியவர் பியர்ஸ். நாடகத்தின் உயிர்நாடியான இடத்தில் சொற்களே கிடையாது. தூக்குத்தண்டனைச் செய்தியைச் சொல்ல வியர் பில்லியின் அறைக்குள் நுழைகிறார். கதவு மூடுகிறது. மேடை வெறுமையாக நிற்க, வாத்தியக் குழு 34 கூட்டொலிகளை ஒன்றன்பின் ஒன்றாக மெதுவாக ஒலிக்கிறது. பல சுரங்கள் ஒரே நேரத்தில் எழுவதைத்தான் திரையிசைக் கலைஞர்கள் 'கார்டு' என்கிறார்கள். இங்கே ராகமும் இல்லை, தாள ஓட்டமும் இல்லை. ஒரு கூட்டொலி உரத்து வரும், அடுத்தது தேய்ந்து வரும். உள்ளே இருவரும் என்ன பேசினார்கள் என்பதை மெல்வில் சொல்லவில்லை, ஃபார்ஸ்டரும் எழுதவில்லை. கேட்பவர் அறிந்துகொள்ள வேண்டும். மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதுதான் குற்றம் என்று சொன்ன ஒரு நாட்டில் இந்த மூடிய கதவு வெறும் நாடக உத்தி என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டே, போரில் நாட்டுக்குப் பேருதவி செய்த கணித மேதை ஆலன் டூரிங் இதே 1885 சட்டத்தின் கீழ் தண்டிக்கப்பட்டார். 1957இல் வுல்ஃபென்டன் குழு இச்சட்டத்தைத் தளர்த்தப் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதை நிறைவேற்ற 1967 ஜூலை ஆயிற்று. அப்போதும் 21 வயது நிரம்பிய இருவர் தனிமையில் என்ற வரம்போடு, இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும்.

பிறகு நடந்தவை

சட்டம் மாறியபோது ஃபார்ஸ்டருக்கு 88 வயது. நாவலை அப்போதும் வெளியிடவில்லை. 1970 ஜூன் 7 அன்று அவர் காலமானார். 'பீட்டர் கிரைம்ஸ்' அரங்கேறிய அதே தேதி. மறு ஆண்டு 'மோரிஸ்' வெளிவந்தது. அமெரிக்க உரிமையை அவர் இஷர்வுட்டுக்கு அளித்திருந்தார். அந்த வருமானத்தை இஷர்வுட் தாம் வைத்துக்கொள்ளாமல், இளம் ஆங்கில எழுத்தாளர்கள் அமெரிக்கா சென்று வர உதவும் பரிசு நிதியாக்கினார். 1987இல் மும்பையில் பிறந்த இஸ்மாயில் மெர்ச்சன்ட் தயாரிப்பில், ஜேம்ஸ் ஐவரி இயக்கத்தில் அது திரைப்படமானது.

பிரிட்டனின் கடைசி இசைநாடகம் தாமஸ் மன்னின் 'வெனிஸில் மரணம்'. முதுமையை நெருங்கும் எழுத்தாளர் ஒருவர் ஒரு சிறுவனின் அழகில் மயங்கிச் சிதைவதைச் சொல்லும் கதை. சிறுவனைப் பற்றியது என்பதால் இன்றைய வாசகருக்குச் சங்கடம் எழுவது நியாயமே. பிரிட்டனும் அதை இனிப்பாக்கவில்லை. அவர் இதய அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்து இதை முடித்தார். 1973 ஜூனில் அரங்கேறியபோது அவரால் போய்ப் பார்க்க முடியவில்லை. 1976 டிசம்பர் 4 அன்று இறந்தார். இங்கிலாந்து அரசி எலிசபெத் இரங்கல் செய்தியைப் பியர்ஸுக்கு அனுப்பினார். முப்பதாண்டுகளுக்கு முன் சிறைக்கு அனுப்பியிருக்கக்கூடிய உறவை அரண்மனையே ஏற்றுக்கொண்டதாக அதைப் பலர் கருதினர். 1986இல் இறந்த பியர்ஸின் கல்லறை ஆல்டபரோ தேவாலய வளாகத்தில் பிரிட்டனின் கல்லறைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இங்கிலாந்து தன் சட்டத்தைத் தான் ஆண்ட நாடுகளுக்கும் கொண்டுசென்றது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவை இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் தன் 377ஏ பிரிவை 2022இல் நீக்க வாக்களித்தது. பொன்னம்பலம் அருணாசலம் அரசுப் பணியில் இருந்த காலத்தில், 1883இல் இலங்கையில் வந்த தண்டனைக் கோவையின் 365, 365ஏ பிரிவுகளை நீக்கும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல் கூறியது.

கேட்க விரும்புவோருக்கு

மேற்கத்திய செவ்வியல் இசை புதியது என்றால் 'பில்லி பட்'டில் தொடங்க வேண்டாம். மோரிஸ் கேட்ட சாய்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியே நல்ல வாசல். ஏறக்குறைய முக்கால் மணி நேரம். இரண்டாம் பகுதி ஐந்து எண்ணிக்கையில் ஓடும். மேலைநாட்டார் அக்காலத்தில் அதை நொண்டி நடனம் என்றார்கள். கண்டசாபு கேட்டு வளர்ந்த நமக்கு அதில் நொண்டுவது எதுவும் தெரியாது. மூன்றாம் பகுதியின் முடிவு மிகுந்த ஆரவாரத்தோடு வரும். கச்சேரி முடிந்துவிட்டது என்று கைதட்டத் தோன்றும். தட்ட வேண்டாம். அதற்குப் பின் வரும் நான்காம் பகுதி மெதுவாக இறங்கி, கடைசியில் தாழ்ந்த வாத்தியங்களின் மூச்சு மட்டும் கேட்டு நிற்கும். சாய்கோவ்ஸ்கி இதை 1893 அக்டோபரில் பீட்டர்ஸ்பர்க்கில் தாமே நடத்தினார். ஒன்பது நாளில் இறந்தார். அடுத்து மைக்கலாஞ்சலோ பாடல்கள். பியர்ஸும் பிரிட்டனும் சேர்ந்து பதிவுசெய்ததே இன்றும் கிடைக்கிறது. மொத்தம் பதினைந்து நிமிடங்களுக்குச் சற்று மேல்தான். அதன் பிறகு 'பில்லி பட்'டில் அந்த 34 கூட்டொலிகள் வரும் இடத்தை மட்டும் தனியே எடுத்துக் கேட்கலாம்.